கருப்பில் விழுந்த முகம்

ஒரு ஸ்டுடியோ மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. இரண்டிலும் ஒரே கருப்பு வெள்ளைப் படத்தை அச்சடித்திருந்தார்கள்: கதவோரம் நின்று சிரிக்கும் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் இருட்டு அறை. படம் கொடுத்தவருக்குப் பிடித்த தாள் வீட்டுக்குப் போகும், மற்றது குப்பைக்கூடைக்கு.

"நீ எதுக்கு வீணா காத்துக்கிடக்கே?" என்றது பளபளப்பில்லாத பருத்தித் தாள். "என்னைப் பாத்தா படம் தெரியும். உன்னைப் பாத்தா எதிர்ல நிக்கிறவன் மூஞ்சிதான் தெரியும்."

பளபளப்புத் தாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சொன்னது பொய்யில்லையே. காலையிலிருந்து அதன் மேல் மின்விசிறியின் பிம்பம் அல்லவா சுற்றிக்கொண்டிருந்தது!

படத்தைக் கொடுத்திருந்த பெரியவர் மரியசூசை வந்தார். பருத்தித் தாளை எடுத்துத் தடவிப் பார்த்தார். "அவளேதான்" என்றார். பளபளப்புத் தாள் நம்பிக்கையை விட்டுவிட்டது.

பேருக்கு அதையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பயந்தபடியே ஆயிற்று. படத்தின் கருப்பில், அந்தப் பெண்ணின் தோளருகே, அவருடைய நரைத்த முகம் விழுந்தது.

"கண்ணாடி மாதிரி அடிக்குது சார், அதை விட்டுடுங்க" என்றார் ஸ்டுடியோக்காரர்.

மரியசூசை தலையை லேசாகச் சாய்த்தார். இரண்டு முகமும் ஒட்டி நின்றன.

"என் சம்சாரத்தோட படம் எல்லாமே நான் எடுத்ததுதான் தம்பி. அதனால ஒண்ணுலகூட நான் அவ பக்கத்துல இல்லை. இதையே குடுங்க."

பளபளப்புத் தாள் மூச்சுக்கூட விடாமல் இருந்தது. அசைந்தால் இருவரும் பிரிந்துவிடுவார்களே!