லைனைத் தின்றது யார்?

“டேய் திருச்செல்வம்! என் வீட்டு வைஃபையைத் தின்னு தீர்க்கிறது நீதானே?”

மாடிப்படியின் கீழே நின்று கத்தினார் அந்தோனிப்பிள்ளை. மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் திருச்செல்வம் துண்டோடு இறங்கி வந்தான்.

“நான் இப்பதானே அங்கிள் சிங்கப்பூர்ல வேலை முடிஞ்சு வர்றேன்?”

“அப்ப பேயா தின்னுது? மூணு நாளா நொண்டுது! ஆண்ட்டி போன்ல ஜெபமாலையில பாதி சொன்னா, ஆஸ்திரேலியாவுல இருந்து என் மக எலைன் மீதியச் சொல்லணும். இவ அடுத்த மணிக்குப் போன பிறகுதான் அவ பதிலு வருது. நாளைக்குக் காலையில பெர்த்ல அவளுக்கு ஆபரேஷன். இன்னிக்கும் ஜெபம் முட்டிக்கிச்சுன்னா, நீ மூட்டையக் கட்டிக்கலாம்!”

“அவர ஏங்க திட்டுறீங்க?” என்று கண்ணைத் துடைத்தாள் அவர் மனைவி டோரிஸ்.

அந்தோனிப்பிள்ளை வங்கியையே நம்பாதவர். வாடகைக்காரனையா நம்புவார்? அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தனியாக ஓர் ஏற்பாடே செய்து வைத்திருந்தார்.

திருச்செல்வம் கைபேசியில் எதையோ திறந்தான். வைஃபையில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவரை ஒரு மாதிரி ஏறிட்டான்.

“ஸ்கூடாய் ரோட்டுல ஆம்புலன்ஸ் வந்தா லோரியெல்லாம் ஒதுங்கணும்லா? அதே மாதிரி செட் பண்ணிட்டேன் அங்கிள். ஆண்ட்டி போனுக்கு முதல் வழி. மத்ததெல்லாம் பின்னால.”

“வாயாலேயே வடை சுடாத. பார்ப்போம்.”

ஆறு மணிக்கு ஜெபமாலை தொடங்கியது. டோரிஸ் நிறுத்திய இடத்தில் எலைன் எடுத்தாள். கடைசி மணி வரை ஓரிடத்திலும் முட்டவில்லை.

“அம்மா, நீங்க என் கட்டில்லேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு. இப்ப பயமே இல்ல” என்றாள் மகள்.

கிழவர் நேரே அடுப்படிக்குப் போனார். தட்டு நிறைய சோறும் மீன்கறியும் போட்டு, தானே தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

“தம்பி, ஏதோ வாய் தவறிப் பேசிட்டேன். இந்த உதவிய சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன். உன் கம்ப்யூட்டரத்தானே பின்னால தள்ளுன?”

“இல்ல அங்கிள்.” தட்டை வாங்கிக்கொண்டு, அறை வாசலுக்கு எதிரே தொங்கிய பிளாஸ்டிக் பூந்தொட்டியைப் பார்த்தான் திருச்செல்வம். “மூணு நாளா விடாம படம் அனுப்பி லைனைத் தின்னுக்கிட்டிருந்தது, அதுக்குள்ள நீங்க ஒளிச்சு வச்ச கேமராதான். பயப்படாதீங்க, ஆண்ட்டிகிட்ட சொல்லல.”