மூலத்தில் உள்ளபடி

"இன்னொரு தடவை படி" என்றார்.

ரெஜினா மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். கால்புள்ளி வந்தால் கால்புள்ளி என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போனாள்.

அவள் கையில் இன்று காலை வந்த சட்ட முன்வடிவு. அவர் கையில் சங்கம் என்றோ கொடுத்த மனுவின் நகல். அவள் வாசிக்க வாசிக்க அவர் மனுவில் ஒவ்வொரு சொல்லாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

அரசு அச்சகத்தில் இருவரும் பதினைந்து வருடம் இப்படித்தான் வேலை பார்த்தார்கள். ஒருவர் வாசிக்க வேண்டும். மற்றவர் பிழை பிடிக்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் அவருக்கு மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஓய்வூதியம் கிடையாது. அவர் சேர்ந்த காலத்திலிருந்து சேர்ந்த எவருக்குமே கிடையாது. சம்பளத்தில் பிடித்ததை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்து, போய் வா என்பதுதான் திட்டம். அதை மாற்றச் சொல்லிப் பதினாறு வருடமாகச் சங்கம் நடையாய் நடந்தது.

இன்று மாற்றப்போகிறார்களாம்.

அதுதான் அவருக்கு உதைத்தது.

மூன்று குழு போட்டார்கள். மூன்றும் பரிசீலித்தன. மறியல் செய்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாம்பார் சாதம் போட்டுச் சாயங்காலம் வெளியே விட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் திடீரென்று, மனுவில் கேட்டதை அப்படியே தருகிறோம் என்றால்?

எவன் சும்மா தருவான். எங்கேயோ கை வைத்திருப்பார்கள்.

சட்டமன்ற உறுப்பினர்கள் விடுதியின் வராந்தா அது. சங்கத்துக்கு வேண்டிய உறுப்பினர் ஒருவர் காரில் ஏறுவதற்கு முன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வாக்கெடுப்பு. ஒரு சொல் தப்பாக இருந்தாலும் போன் போடுங்கள், எழுந்து திருத்தம் கேட்கிறேன். ஆனால் திருத்தம் என்று எழுந்தால் தேர்வுக் குழுவுக்குத் தள்ளிவிடுவார்கள். கூட்டத்தொடர் வேறு இன்றோடு முடிகிறது.

தேர்வுக் குழுவுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது நாலாவது குழு.

மணி பதினொன்று நாற்பது.

"மாத ஓய்வூதியம் வழங்கப்படும், முற்றுப்புள்ளி" என்று ரெஜினா முடித்தாள்.

வழங்கப்படும். வழங்கலாம் அல்ல. அந்தச் சொல்லில்தான் விளையாடியிருப்பார்கள் என்று நேற்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார். விளையாடவில்லை.

கடைசி ஊதியத்தில் பாதி. பாதிதான். 'பாதி வரை' இல்லை.

அவருக்குச் சந்தேகம் கூடியதே தவிர, குறையவில்லை.

ரெஜினா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் மூன்று மாதம்தான் பணி. வாடகை வீடு. கணவர் படுக்கையில் விழுந்து நாலு வருடம் ஆகிறது. அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு தாள்களையும் வாங்கி மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பிழை திருத்துகிறவன் பொருளில் மனதை விடக் கூடாது. விட்டால் எழுத்து தப்பிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. மூலத்தில் உள்ளபடி இருக்கிறதா என்பதோடு அவன் பாடு முடிந்தது.

முதல் தடவையாக, வெறும் வாசகனாக அந்த வரியைப் படித்தார்.

'இனி ஓய்வு பெறும் ஊழியர் ஒவ்வொருவருக்கும்.'

இனி.

அகப்பட்டது. திருடனைச் சட்டையோடு பிடித்தது போல ஒரு சந்தோஷம்கூட வந்தது. இனி என்றால் இன்றைக்குப் பிறகு. இரண்டு மாதத்துக்கு முன் போனவனுக்கு இல்லை. எவ்வளவு நைசாகச் செருகியிருக்கிறார்கள்.

மனுவைப் பார்த்தார்.

அதிலும் இருந்தது. அவருடைய குண்டு குண்டுக் கையெழுத்தில்.

பதினாறு வருடத்துக்கு முன் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து அவர்தான் எழுதினார். அன்றைக்கு அந்தத் திட்டத்தில் ஓய்வு பெற்றவர் ஒருவரும் கிடையாது. எல்லோருக்கும் ஓய்வு எங்கேயோ தூரத்தில் இருந்தது. அந்தச் சொல் தேவையே இல்லை. வாக்கியம் எடுப்பாக ஆரம்பிக்கட்டும் என்று போட்டார். வாசித்துக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

மந்திரிகளைச் சந்தேகப்பட்டார். செயலாளர்களைச் சந்தேகப்பட்டார். சொந்தச் சங்கத்தின் பொருளாளரைக்கூட ஒரு வருடம் சந்தேகப்பட்டார். மனுவை எழுதிய இந்த ஆளை மட்டும் விட்டுவிட்டார்.

அவரைப் போல ஏற்கெனவே வெளியே போனவர்கள் சில ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேரின் முகம் தெரியும். வெட்கமாக இருந்தது.

உள்ளே இருப்பவர்கள் லட்சக்கணக்கில்.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

"என்னண்ணே, மாத்திட்டாங்களா?" என்றாள் ரெஜினா. போன் அவள் கையில் தயாராக இருந்தது.

"இல்லம்மா. ஒரு எழுத்துகூட மாத்தல. ஓட்டுப் போடச் சொல்லு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். வராந்தாக் கோடிக்குப் போய், அழுதுகொண்டே எண்ணை அழுத்தினாள்.

அவர் மனுவைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனா மூடியைக் கழற்றி, 'ஏற்கெனவே ஓய்வு பெற்ற' என்று எழுதினார்.

நிறுத்தினார்.

அந்த மூன்று சொற்களுக்கும் அடியில் விரலை வைத்து, இதில் யாரெல்லாம் விட்டுப்போகிறார்கள் என்று மெல்லத் தேட ஆரம்பித்தார்.