பத்திரமான இடம்

"இதை இனிமே ஒட்டவே முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்" என்றார் நார்மன்.

டோரின் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். பர்மிங்காம் நகைக்கடைத் தெருவில் முப்பது வருடமாகப் பழைய நகைகளுக்கு வயது சொல்லிவருகிறவள். பொய் சொல்லச் சொல்லி இவ்வளவு மரியாதையாக யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"எட்டாம் நம்பர் பஸ் டிரைவர்தானே நீங்க? நான் ஓடி வர்றது கண்ணாடியில தெரிஞ்சும் வண்டியை எடுத்துட்டுப் போவீங்களே!"

"நேரத்துக்கு எடுக்கணுமே தாயே."

"மழையில நனைஞ்சவ நான். இப்ப உங்களுக்காகப் பொய் வேற சொல்லணுமாக்கும்?"

நார்மன் ஆஸ்பத்திரி கொடுத்த சின்னக் காகித உறையை மேஜைமேல் கவிழ்த்தார். ஒரு மோதிரம் விழுந்தது. ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வாய் பிளந்திருந்தது.

"என் வீட்டுக்காரி பெரிலோடது. நேத்து படியில விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. விரல் வீங்கிட்டதால வெட்டித்தான் எடுத்தாங்க. எலும்பு முறிஞ்சதுக்கு ஒரு சத்தம் போடல. மோதிரத்தை வெட்டறப்போ குழந்தை மாதிரி அழுதா."

"அவ மோதிரம், அவ அழறா. உங்களுக்கு என்ன வந்தது?"

"இது அவ முதல் புருஷன் லெஸ்லி போட்டது. நான் ரெண்டாவது."

உள்ளறையில் கெட்டில் கொதித்து, தானாக அணைந்தது. இருவருமே எழுந்து போகவில்லை.

"எண்பத்தேழு மே மாசம் நானும் ஒண்ணு போட்டேன்" என்றார் நார்மன். "ஓவர்டைம் பாத்து வாங்கினது. மறுவாரமே கழட்டிட்டா. பொத்தான் பட்டறையில மெஷின் வேலை அவளுக்கு. 'உன் மோதிரம் வெங்காயத் தோல் மாதிரி இருக்கு நார்மன், ஒரு மாசம் தாங்காது. பத்திரமான இடத்துல வச்சிருக்கேன்'னு சொன்னா. லெஸ்லியோடது மட்டும் விரல்லயே இருந்தது. செத்துப்போன மனுஷன்மேல பொறாமைப்படக்கூடாதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

"எந்த இடம்னு கேக்கலையா?"

"கேட்டா சிரிப்பா. நானும் தேடாத இடமில்ல. டீ டப்பா, தையல் பெட்டி, அவ குளிர்கால பூட்ஸுக்குள்ளகூட."

"கிடைச்சுதா?"

"ரெண்டு பாக்கெட் பிஸ்கெட் கிடைச்சுது. எனக்குச் சர்க்கரை இருக்குன்னு ஒளிச்சு வச்சது."

டோரின் சிரித்துவிட்டாள். நார்மனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு வீட்டுக்கு வந்துடுவா. ஒட்ட முடியாதுன்னு நீங்க சொன்னா நம்புவா. புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுடுவேன். இனி இருக்கிற கொஞ்ச நாளாவது என்னோடது அவ விரல்ல இருக்கட்டுமே."

"பொய் சொல்றதா இருந்தாலும் பொருளைப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று டோரின் உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டாள். "வெளிப்பக்கம் அசல் பழசு. கனமான பதினெட்டு காரட். செம்பு கலந்த நிறம், செதுக்கின இலைக்கொடி. விக்டோரியா ராணி காலம். கொஞ்சம் பெரிய விரலுக்குச் செஞ்சது."

"லெஸ்லி வீட்டுச் சொத்து. இவளுக்குத் தொளதொளன்னு இருக்கும், நூல் சுத்திப் போட்டிருப்பா. எங்க கல்யாணத்துக்கப்புறம் நூலைக் காணோம். என் சமையல்ல விரல் பெருத்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

டோரின் மோதிரத்தைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தாள். அவள் புருவம் சுருங்கியது.

"எங்கேயோ இடிக்குதே. நங்கூர முத்திரை இருக்கு, நம்ம ஊர்ல தங்கத்தைச் சோதிச்சுக் குத்தறது. ஆனா ஒன்பது காரட்னு குத்தியிருக்கு. செஞ்ச வருஷத்தைச் சொல்ற எழுத்தும் பழசு இல்ல. முகம் கிழவி, முதுகு குமரி!"

"போலியா?"

தன் குரலில் இருந்த ஆசை நார்மனுக்கே கேட்டது. வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

டோரின் வெட்டுப்பட்ட முனையை விளக்கடியில் பிடித்து, இப்படியும் அப்படியுமாக நெடுநேரம் திருப்பினாள். பிறகு உருப்பெருக்கியை அவரிடம் நீட்டினாள்.

"முனையைப் பாருங்க. வெளியில சிவப்பு, உள்ளே வெளிர் மஞ்சள். நடுவுல மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியுதா? இது ஒரு மோதிரம் இல்ல, டிரைவரே. ரெண்டு."

"ரெண்டா?"

"பெரிய மோதிரத்தோட அளவைக் குறைக்க உள்ளே ஒரு பட்டை வைப்பாங்க, அது வழக்கம்தான். முத்திரை குத்தின முழு மோதிரத்தையே யாரும் பட்டையா வச்சு நான் பாத்ததில்ல. அதுல ஒரு கீறல்கூட இல்ல, கனமானது வெளியில நின்னு காவல் காத்திருக்கு. உள்ளே இருக்கிறது..." என்று நிறுத்தினாள். "வெங்காயத் தோல்தான். வருஷம் எண்பத்தேழு."

நார்மன் உருப்பெருக்கியை மறுபடியும் கண்ணில் வைத்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"சொல்லுங்க டிரைவரே, ஒட்ட முடியாதுன்னு சொல்லிடவா?"

டீ டப்பா, தையல் பெட்டி, பூட்ஸ் என்று அத்தனை வருடம் தேடியவர் தேடாமல் விட்டது ஒரே ஒரு இடத்தைத்தான்: கடைக்குப் போகும்போதெல்லாம் தான் பிடித்துக்கொண்டு நடந்த அந்தக் கை.