ஆயிரம் மீட்டருக்கு மேலே

"இன்னைக்கு ஒரு ஜோடியாவது தேறணும் ரோஸ்விதா. இல்லேன்னா அடுத்த வாரத்திலேர்ந்து இந்த வண்டி ஸ்கூல் பசங்களை ஏத்திக்கிட்டுப் போகும்" என்றார் முதலாளி லாக்னர், சால்ஸ்பர்க்கில் பஸ் கிளம்பும் நேரத்தில்.

வழிகாட்டி ரோஸ்விதா சிரித்து மழுப்பினாள். லாக்னரின் மற்ற பஸ்களில் எல்லாம் வழிகாட்டிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பயணிகளின் காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள். அது எட்டு மொழிகளில் ஏரியின் ஆழத்தைச் சொல்லும். காபி கேட்காது, லீவும் கேட்காது. அறுபதைத் தாண்டிய தனிக்கட்டைகளுக்கான இந்த ஒருநாள் ஏரிச் சுற்றுலா மட்டும்தான் அவளுக்கு மிச்சம். கருவிக்குக் கல்யாணத் தரகு தெரியாது என்பதால் தப்பித்த பிழைப்பு அது. அதிலும் இந்தக் கோடை முழுக்க ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. விளம்பரத்துக்குப் போட ஒரு போட்டோ இல்லையே என்று லாக்னர் புலம்பிக்கொண்டே இருந்தார்.

ஏறிய கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பட்டம் இல்லாமல் பெயர் சொன்னால் நாக்கு கூசும். முன் சீட்டில் ஒரு டாக்டரம்மா. டாக்டர் அவரில்லை, காலமான அவர் கணவர். பக்கத்தில் ஒரு டைரக்டர் சார். எந்தக் காலத்திலோ ஒரு தபால் நிலையத்துக்கு. ஆளாளுக்கு 'நீங்க, உங்க' என்று குழைந்தார்கள். இவ்வளவு மரியாதைக்கு நடுவில் காதல் எந்தப் பக்கமாக நுழையும்?

ஃபுஷ்ல் ஏரிக் கரையில் இறங்கியபோதுதான் அந்த இருவரும் கண்ணில் பட்டார்கள். ஓய்வுபெற்ற இன்ஜினியர் பிர்க்னர். ஓய்வுபெற்ற டீச்சர் மோஸ்ஹாமர். இன்ஜினியர் முதலில் இறங்கிக் கையை நீட்டினார்.

"பார்த்து இறங்குங்க டீச்சரம்மா, கல்லு வழுக்கும்."

"உங்களுக்கு எவ்வளவு சிரமம் இன்ஜினியர் சார்."

ரோஸ்விதா அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். மறுபடி பஸ் ஏறும்போது இருவரையும் ஒரே சீட்டில் உட்கார வைத்தாள். இஷ்ல் ஊரில், அக்காவைப் பெண் பார்க்க வந்த பேரரசர் தங்கையிடம் மயங்கிய பழைய கதையை, இவர்கள் இருவரையும் பார்த்தே சொன்னாள். டீச்சரம்மாவின் முகம் சிவந்தது. காபிக் கடையில் கசகசா கேக் வந்ததும், இன்ஜினியர் யாரும் கேட்காமலே டீச்சரம்மாவின் தட்டிலிருந்த க்ரீமை வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். பால் சமாச்சாரம் உங்களுக்கு ஒத்துக்காதுன்னு தோணிச்சு என்றார். அரை நாளில் ஒரு பெண்ணை இப்படிப் படித்துவிடும் ஆணை ரோஸ்விதா பார்த்ததே இல்லை. அவளுடைய முன்னாள் கணவனுக்கு அவள் கண்ணின் நிறமே தெரியாது.

ஆனால் விஷயம் அதற்கு மேல் நகரவில்லை. வொல்ஃப்காங் ஏரியில் படகில் போகும்போதும் வானிலையைப் பற்றியே பேசினார்கள். சர்ச்சின் பழைய பலிபீடத்தின் முன்னால் நின்றும் "நீங்க சொல்றது ரொம்பச் சரி" என்றே மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். ரோஸ்விதாவுக்கு எரிச்சலாக இருந்தது. மீதி இருந்தது மலை ஒன்றுதான்.

எங்கள் மலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிட்டால் பட்டமும் கிடையாது, 'நீங்க'வும் கிடையாது. மந்திரியோ மாடு மேய்ப்பவரோ, எல்லோருக்கும் 'நீ'தான். கீழே இறங்கியதும் மறுபடி விறைத்துக்கொள்வோம்.

பல்சக்கர ரயில் ஷாஃப்பெர்க் உச்சியில் கொண்டுபோய் விட்டதும் கூட்டமே மாறிவிட்டது. டாக்டரம்மா, டைரக்டரின் முதுகில் தட்டி "என்ன குஸ்டி, மூச்சு வாங்குதா உனக்கு?" என்றார். ரோஸ்விதா விடுதியிலிருந்து இரண்டு கோப்பைச் சாராயம் வாங்கி வந்து, அந்த இருவரின் முன்னால் நீட்டினாள். கையோடு கை கோத்துக் குடித்துவிட்டு 'நீ' சொல்வதுதான் முறை.

இன்ஜினியரின் முகம் வெளுத்தது. டீச்சரம்மா ஓரடி பின்வாங்கினார்.

"எங்களுக்கு இப்படியே நல்லா இருக்குங்க. விட்டுடுங்க."

ரோஸ்விதா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். மலைச் சட்டத்தை மீறக் கூடாது என்றாள். கூட்டம் கை தட்டியது. வேறு வழியில்லாமல் இருவரும் கை கோத்துக் குடித்தார்கள். அந்த நொடியில் எடுத்த போட்டோ அடுத்த நொடியில் லாக்னருக்குப் போனது. பிரமாதம், அடுத்த கோடைக்கும் நீதான் என்று பதில் வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"வெட்கப்படாதே எங்கெல்பெர்ட். ஒரே ஒரு தடவை அவங்களை 'நீ'ன்னு கூப்பிட்டுப் பேசு" என்றாள் இன்ஜினியரிடம்.

இன்ஜினியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஹெட்விக்... கிளம்பும்போது நீ அடுப்பை அணைச்சியா?"

"கடைசியா வீட்டைப் பூட்டினது நீதானே? அதையும் என் தலையில போடு. உங்கம்மா வளர்ப்பு அப்படி."

அதற்கப்புறம் இருவரையும் நிறுத்த முடியவில்லை. கடைசியில் டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோஸ்விதாவின் பக்கம் திரும்பினார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து நாங்க சண்டை போடாம இருந்தது இன்னைக்குக் காலையிலேர்ந்து இப்ப வரைக்கும்தான். தெரியாதவங்க மாதிரி நடந்துக்கிட்டாலாவது ஒரு நாள் மரியாதையா இருப்போம்னு உன் வண்டில ஏறினோம், ஏம்மா கெடுத்தே?"