யூரியா மூட்டை

ஊரே இயற்கை உரத்துக்கு மாறிவிட்டது. தனியாக இருந்த அந்தப் பெரியவர் மட்டும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். வேளாண் அலுவலரான அவளும் வாரம் தவறாமல் அவர் வீட்டுக்குப் போனாள்.

வாசலில் யூரியா மூட்டை. பக்கத்தில் அவளுக்காகத் துடைத்துப் போட்ட நாற்காலி.

"தொழு உரம் போட்டா மண்ணு உசுரோட இருக்கும்யா."

"நாத்தத்தை யாரும்மா தாங்குறது?"

"நல்லா மக்கினா நாறாது."

"களை வருமே?"

"அதுவும் வராது."

"சரி, டீயைக் குடி. ஆறுது பாரு."

போன வாரம், விளைச்சல் குறையும் என்றார். அதற்கு முந்தைய வாரம், அள்ளிக் கொட்ட ஆளில்லை என்றார். அவள் ஒன்றுக்குப் பதில் தேடி வந்தால் அவர் இன்னொன்றோடு காத்திருப்பார்.

"பக்கத்து வயல்காரர் மாறிட்டாரே?"

"மாறினான். அப்புறம் அவன் வீட்டுக்கு நீ போனியா?"

"மாறினவர் வீட்டுல எனக்கென்னய்யா வேலை?"

அவர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாதி வழியில்தான் குடையை மறந்தது நினைவு வந்தது. திரும்பி வந்தாள். வீட்டை ஒட்டிய வயலில், பெரியவர் அந்த யூரியா மூட்டையைச் சரித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கறுப்பாக, பொலபொலவென்று மக்கிய தொழு உரம் கொட்டியது.

குடையை எடுக்காமலே போய்விட்டாள்.

அடுத்த வாரம் குடை நாற்காலியில் தொங்கியது.

"இன்னமும் யூரியாதானாய்யா?"

"யூரியாதான்."

"சரி," என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "முதல்ல இருந்து சொல்றேன்."