தாடியின் நுனிவரை

கிரேக்க தேசத்துத் தத்துவ ஞானி ஒருவர் யோசனையிலேயே இருந்து ஒரு வருஷமாகத் தாடி சீவவில்லை. தாடிக்குள் குடியிருந்த பேன், அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தானும் ஞானியாகிவிட்டது.

ஒரு மத்தியானம், ஞானி அசந்து தூங்கும்போது, அவர் மனைவி மரச்சீப்பை எடுத்தாள். "இன்னைக்கும் பாதியில் சிக்கினாயோ, உன்னை அடுப்பில்தான் போடுவேன்."

சீப்பு தாடிக்குள் இறங்கியது.

"நில்லு தங்கச்சி!" என்றது பேன். "நுனிக்குப் போக முதலில் பாதித் தாடியைத் தாண்டணும். அப்புறம் மீதியில் பாதி. அப்புறம் அந்த மீதியில் பாதி. பாதிக்கு முடிவே கிடையாது. நீ போய்ச் சேரவே முடியாது. பேசாமல் திரும்பிப் போ."

"நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும் அண்ணே. எனக்கு அடுப்புன்னா பயம். கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே சீப்பு ஒவ்வொரு சிக்காக எடுத்தது.

"இன்னும் பாதி இருக்கு!" என்று பேன் கத்திக்கொண்டே வந்தது. கத்தி முடிப்பதற்குள் நுனியும் தாண்டி, கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் விழுந்தது.

மனைவியின் இரண்டு கட்டைவிரல் நகங்களும் அதை நெருங்கின.

"பயப்படாதீங்க அண்ணே, அதுங்களும் முதலில் பாதி தூரம் வரணுமே" என்று சீப்பு ஆறுதல் சொன்னது.

சொடக்கென்று ஒரு சத்தம். மனைவி சீப்பைக் கழுவித் துடைத்து, தன் கொண்டையில் கிரீடம் மாதிரிச் செருகிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.