ஆவணி பிறக்கட்டும்

திரையில், போன் கம்பெனியின் படிவத்தில் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. புதிய முகவரி. எந்தத் தேதியிலிருந்து.

முகவரியை அடித்துவிட்டாள். சரவணம்பட்டி, இரண்டாவது மாடி, பின்கோடு வரைக்கும்.

தேதியில் கை நின்றது.

"ஜூலை இருபதுன்னு போடும்மா," என்றார் முதலாளி, நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு. "நாம வந்த தேதிதானே. பொய்யொண்ணும் இல்லியே."

பொய் இல்லைதான். அன்றைக்குத்தான் மேசை, நாற்காலி, பம்புசெட் மாதிரிகள் எல்லாம் காந்திபுரத்திலிருந்து இங்கே வந்தன. பழைய கட்டடக்காரர் ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தரமாட்டேன் என்றுவிட்டார்.

ஆனால் அது ஆடி.

"சாமான் மட்டும் வரட்டும். எந்தப் பேப்பர்லயும் புது அட்ரஸ் எழுத வேண்டாம். ஆவணி பிறக்கட்டும், பால் காய்ச்சிட்டு எல்லாத்தையும் மாத்திக்கலாம்." அன்றைக்குச் சொன்னவரும் இவர்தான்.

சரிங்க என்றாள். அவளுக்கு வேலையே அதுதான்.

இண்டர்நெட் போன் கம்பெனியிலிருந்து இரண்டு முறை மெயில் வந்தது. உங்கள் மேசைப் போன் எங்கே இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் கொடுத்திருக்கும் முகவரிதான் ஆம்புலன்ஸுக்குப் போகும். இடம் மாறினால் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. கீழே பொறுப்பாளர் என்று அவள் பெயர்.

போனில் ஒட்டச் சொல்லி மஞ்சள் ஸ்டிக்கரும் அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் படம் போட்டது.

"ஆடி மாசத்துல எதுக்கும்மா இந்தக் கருமம்?" என்றார்.

அதற்கும் சரிங்க.

நல்ல நாள் பார்த்துத்தான் மனுஷனுக்கு நெஞ்சு வலிக்கும்போல.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். முதலாளி வீட்டு உபயம். ஆபீஸே கிளம்பிப் போனது. இன்னாசி அண்ணன் மட்டும், "போய்ட்டு வாங்க, போனை நான் பாத்துக்கறேன்" என்றார். பதினெட்டு வருடமாக சர்வீஸ் புகார்களை எடுத்து எழுதுகிறவர். கிறிஸ்துமஸுக்கு மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள், ஆடிக்கு அவர்.

அவருக்கு நெஞ்சு வலி வந்தபோது செல்போன் அந்தக் கோடி மேசையில் சார்ஜரில் கிடந்தது. கைக்கு எட்டியது மேசைப் போன். அதில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். பேச முடியவில்லை. மூச்சு மட்டும்தான் கேட்டதாம். எதிர்முனையில் இருந்தவர் திரையில் தெரிந்த முகவரிக்கு வண்டியை அனுப்பினார். வேறென்ன செய்வார்?

ஏழே நிமிடத்தில் வண்டி போய்விட்டது. காந்திபுரத்துக்கு.

ஷட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். "காலி பண்ணீட்டுப் போயி இருவது நாளாச்சுங்களே" என்றாராம் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியாது. ஆவணியில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் யாரிடமும் சொல்லவில்லையே.

அழைப்புப் பட்டியலை இன்று காலையில்தான் எடுத்துப் பார்த்தாள். இருபத்து மூன்று நிமிடம் லைன் திறந்தே இருந்திருக்கிறது.

அதில் எத்தனை நிமிடம் அவர் உயிரோடு இருந்தாரோ.

அந்த நேரத்தில் அவள் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது டம்ளர். இன்னும் கொஞ்சம் வெங்காயம் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினாள். பாவி.

வெளியே வரவேற்பு சோபாவில் ரெஜினா அக்கா உட்கார்ந்திருந்தார். இன்னாசி அண்ணனின் மனைவி. அவருடைய டிபன் டப்பாவையும் செருப்பையும் வாங்கிப்போக வந்திருந்தார். அடக்கத்தன்று முதலாளி அவரிடம் சொன்னார்: "ஒரு நொடிதாம்மா. உக்காந்தபடியே போயிட்டாரு. வலியே தெரிஞ்சிருக்காது, புண்ணியவான்."

அக்கா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுவிட்டார். துக்கத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் அதையே சொன்னார்.

"சீக்கிரம்மா," என்றார் முதலாளி. "யாராச்சும் கேட்டா காட்டணும். நாம அன்னிக்கே மாத்தீட்டோம், கம்பெனிக்காரன்தான் ஏத்தாம விட்டுட்டான்னு சொல்லிக்கலாம். உனக்காகத்தான் சொல்றேன். உன் பேருதானே அதுல கெடக்குது?"

"இன்னும் ஆடி முடியலீங்க," என்றாள்.

"இப்பப் போயி அதெல்லாம் பாத்தா ஆகுமா?"

அவருக்குக் கூசவே இல்லை. அவளுக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? அவளே சொல்லியிருக்கக் கூடாதா?

இன்றைய தேதியைப் போட்டாள். பட்டனை அழுத்தினாள்.

"ஏம்மா!"

மாற்றிய தேதியோடு வந்த ரசீதையும் அழைப்புப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்தாள். இரண்டு தாள். எழுந்து வெளியே போனாள். முதலாளி பின்னாலேயே வந்தார்.

ரெஜினா அக்கா செருப்பைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைத் தொட்டார்.

"அழுவாத கண்ணு. அவருக்கு வலியே தெரியலயாம்."

முதலாளி இருமினார்.

"அக்கா, அண்ணன் போன் பண்ணினாருக்கா," என்றாள்.

"யாருக்கு?" என்றார் ரெஜினா அக்கா.